காரைக்குப் பேருந்து அனுப்பும் நிலவியல் துறைத்தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா,

களப்பயணத்துக்கு வரும் மாணவர் ஒவ்வொருவரும் படிவங்களில் (கல்லாகிப்போன பழங்கால உயிரினங்களில்) 5 மாதிரிகள் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும், அதற்கு ரெக்கார்டு நோட்டில் மதிப்பெண் உண்டு என்று சுற்றறிக்கை போடுகிறீர்கள். இந்த ஒரு விதியை எதிர்த்துத்தான் இந்த மடல். பேருந்துக்கு 40 பேர் என்றால் 200 கல். பொங்கல் கழிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை சனி, ஞாயிறுகளில் பெரம்பலூர் மாவட்டத்தின் காரை, கொளக்காநத்தம் ஓடைகளை ஒட்டிப் பேருந்துகள் நிற்கின்றன. அவை கிளம்பிப் போனபின் ஓடையில் கிடப்பவை உடைந்த சில்லுகளும், சறுக்கிச் சரிந்த கரைகளும்தான்.

அந்த 200 கல்லும் எங்கே போகின்றன என்று உங்கள் ஆய்வகத்தின் மூலையில் இருக்கும் சாக்கைப் பிரித்துப் பார்த்தாலே தெரியும். மேலே ஜிப்சம் தகடுகள். அதற்கடியில் பென்சில் முனை போன்ற பெலம்னைட் (கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடலுயிரி) துண்டுகள், ஒரு பிடி. இன்னும் கீழே பாதி அம்மோனைட்டுகள்; சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடலுயிரிகள் இவை. வழி நெடுகக் குலுங்கி ஒன்றோடொன்று உரசியதில் அவற்றின் விலாவரிகள் (ஓட்டின்மேல் ஓடும் வரிமேடுகள்) மழுங்கி, முதுகோட்டில் இருந்த குமிழ்கள் உதிர்ந்து, சாக்கின் அடியில் சாம்பல்நிறப் பொடியாகக் கிடக்கின்றன. எந்தக் கல்லிலும் எண் இல்லை. ஏதோ ஒரு காகிதம் இருந்தால் அதில் 'காரை' என்று மட்டும் பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருக்கிறது. அந்த மையும் பாதி அழிந்திருக்கிறது. வாய்மொழித் தேர்வு முடிந்த மறுநாளே அந்தச் சாக்குக்குப் பயன் முடிந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு புதுச் சாக்கு.

'காரை' என்ற ஒரு சொல் ஏன் போதாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் மாணவர்களுக்கு அது சொல்லப்படுவதே இல்லை என்பதால் எழுதுகிறோம். காரையின் களிமண் கிரெட்டேசியஸ் யுகத்தின் அடுத்தடுத்த மூன்று காலப்பிரிவுகளில் ஆல்பியனில் படியத் தொடங்கி, செனோமேனியனைக் கடந்து, டுரோனியனின் தொடக்கம் வரை நீள்கிறது. இன்றைக்கு 10 கோடி ஆண்டுகளுக்கு முன் என்ற காலத்தை ஒட்டி, ஒரு கோடிக்கு மேற்பட்ட ஆண்டுகளின் கடலடிச் சேறு அந்த ஓடைகளில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது. அம்மோனைட் மண்டலம் (குறிப்பிட்ட ஓர் அம்மோனைட்டை வைத்து அடையாளம் காணும் அடுக்குத் தொகுதி) ஒன்று பெரும்பாலும் 10 லட்சம் ஆண்டுக்குள் அடங்கிவிடும். மார்ட்டோனிசெராஸ் என்ற அம்மோனைட் கிடைக்கும் அடுக்கு ஆல்பியனின் பிற்பகுதி; மான்டெல்லிசெராஸ் என்ற அம்மோனைட் கிடைக்கும் அடுக்கு செனோமேனியனின் முற்பகுதி. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டு 'காரை' என்று எழுதினால், அந்தக் கடலின் கதையில் எது முன், எது பின் என்பதே போய்விடும். விலாவரியும் குமிழும் தேய்ந்த பிறகு இனத்தை வைத்துக் காலத்தைத் திரும்பப் பிடிக்கவும் முடியாது.

இந்த மண்ணிலேயே இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. 1840களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் இங்கே திரட்டிய படிவங்களை லண்டனில் இயற்கையியலாளர் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் விவரித்தார். நிலவியலாளர் பிளான்ஃபோர்ட் 1862இல் இந்தப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். 1863 முதல் 1873 வரை பத்தாண்டு உழைத்துத் தொல்லுயிரியலாளர் ஸ்டோலிச்கா இந்தப் படிவங்களைப் பற்றி எழுதிய தொகுதிகளையும், 1895 முதல் 1898 வரை நிலவியலாளர் காஸ்மாட் வெளியிட்டவற்றையும் கையில் வைத்துக்கொள்ளாமல் இன்றைக்கும் இங்கே யாரும் வேலை செய்ய முடியாது. ஸ்டோலிச்காயா, காஸ்மாட்டிசெராஸ் என்று அம்மோனைட் பேரினங்களே அவர்கள் பெயரைச் சுமக்கின்றன. அந்தக் கற்கள் 150 ஆண்டுக்குப் பிறகும் பேசுவது, ஒவ்வொன்றோடும் ஓர் ஊர்ப்பெயராவது சேர்ந்திருப்பதால்தான். அதிலும் ஊட்டத்தூர், ஓடியம் என்று ஊர்ப்பெயரோடு நின்றுவிட்டவற்றை எந்த மண்டலத்தில் வைப்பது என்று பின்னால் வந்தவர்கள் திண்டாட வேண்டியிருக்கிறது. மாட்டுவண்டியில் போய் மாதிரி எடுத்த காலத்தின் குறை அது. ஒவ்வொரு மாணவரின் சட்டைப்பையிலும் ஜிபிஎஸ் உள்ள இந்தக் காலத்தில் அந்த ஊர்ப்பெயர்கூட இல்லாமல் போவதை எப்படி ஏற்பது?

களத்தில் நடப்பதைப் பார்ப்போம். பேருந்திலிருந்து இறங்கியதும் எல்லோரும் ஓடையின் அடிக்கு ஓடுகிறார்கள். அங்கேதான் கல் மண்டிக் கிடக்கும், குனிந்தால் போதும். ஆனால் ஓடையடியில் கிடப்பவை மேலிருந்து உருண்டு வந்தவை. பல அடுக்குகளின் கலவை. அங்கே பொறுக்கியதற்குக் கால மதிப்பு மிகக் குறைவு. அதைத் தடயமாக மட்டும் பயன்படுத்த வேண்டும். ஓடையடியில் ஒரு துண்டைக் கண்டால் அதை அப்படியே விட்டுவிட்டு, அதே வகைத் துண்டுகள் வேறெங்கே கிடக்கின்றன என்று பார்த்துக்கொண்டே ஓடையின் தலைப்பக்கமாக ஏற வேண்டும். ஏற ஏறத் துண்டுகள் பெரிதாகும், விளிம்புகள் கூர்மையாகும். ஓரிடத்தில் திடீரென்று நின்றுபோகும். கடைசித் துண்டு கிடந்த இடத்துக்குச் சற்று மேலே, கரையில்தான் மூல அடுக்கு இருக்கும். அங்கே மண்ணோடு பதிந்த நிலையில் ஒன்று கிடைத்தால் அது ஓடையடியில் பொறுக்கிய 50க்குச் சமம். இந்த ஒரு பயிற்சியைச் செய்ய ஒரு குழுவுக்கு அரை நாள் பிடிக்கும். மாதிரிக்கு மதிப்பெண் என்று சொல்லிவிட்டால் எந்த மாணவர் அரை நாளைச் செலவழிப்பார்?

அடுக்கின் உயரத்தை அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. காரைக் களிமண்ணில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிவது ஜிப்சம் நரம்புகள்தான். புதிதாக வருபவர்கள் அதையே படிவுத்தளம் (சேறு படிந்த பரப்பு) என்று நினைத்து, சாய்வு அளக்கும் கருவியான கிளினோமீட்டரை வைத்துவிடுகிறார்கள். ஜிப்சம் பிற்காலத்தில் வெடிப்புகளில் வளர்ந்தது. அடுக்கின் வாட்டத்திலும் போகும், குறுக்கேயும் வெட்டும். பாஸ்பேட் கட்டிகள் வரிசையாகக் கிடக்கும் கோட்டையோ, மணல் கலந்த மெல்லிய அடுக்கையோ பிடித்துத்தான் சாய்வு அளக்க வேண்டும். அடுக்குகள் பொதுவாகக் கிழக்குப் பக்கம் மெல்லச் சாய்ந்திருப்பதால் கிழக்கே நடக்க நடக்க இளைய மண்ணுக்குள் போகிறோம். 1.5 மீட்டர் கழி ஒன்றைச் சாய்வுக்குச் செங்குத்தாகப் பிடித்து, தெரிந்த ஒரு கட்டி வரிசையிலிருந்து படிப்படியாக அளந்து ஏறினால் ஒவ்வொரு மாதிரிக்கும் 'குறியடுக்குக்கு மேல் இத்தனை மீட்டர்' என்ற எண் கிடைக்கும். இந்த எண்ணும், ஐந்து தசமத்தில் எழுதிய அட்ச, தீர்க்க ரேகைகளும், மேல்பக்கத்தைக் காட்டும் ஓர் அம்புக்குறியும், எடுப்பதற்கு முன் 10 செ.மீ. அளவுகோலோடு எடுத்த ஒரு படமும் இருந்தால் அது மாதிரி. இவை இல்லாவிட்டால் அது கல்.

அடுத்தது சுத்தியல். கொத்தனார் சுத்தியலோடு வருகிறார்கள். படிவம் பொதிந்த கட்டியின் உச்சந்தலையில் அடிக்கிறார்கள். உள்ளே இருக்கும் அம்மோனைட் குறுக்காக நான்காகப் பிளக்கிறது. கட்டியை அதன் இடுப்புச் சுற்றில், அது கிடந்த படிவுத்தளத்தின் வாட்டத்தில், உளி வைத்துச் சுற்றிவரத் தட்ட வேண்டும். அப்போதுதான் அது அம்மோனைட் படுத்திருக்கும் தளத்தில் இரண்டாகத் திறக்கும். திறந்தால் இரண்டு பாதியையும் எடுக்க வேண்டும்; ஒரு பாதியில் உள்வார்ப்பும் (ஓட்டுக்குள் நிறைந்து இறுகிய சேறு) மறுபாதியில் வெளி அச்சும் (ஓட்டின் வெளிப்புறம் பதிந்த தடம்) இருக்கும். இலை நரம்புபோல நெளியும் தையல்கோடு (உள்ளறைச் சுவர்கள் ஓட்டைத் தொடும் கோடு) ஓடு கழன்ற உள்வார்ப்பில்தான் தெரியும். விலாவரிகளின் கூர்மை வெளி அச்சில் நன்றாக நிற்கும். அழகாக இருப்பதை எடுத்துக்கொண்டு மற்றதை எறிந்துவிடுவதால் பாதி ஆதாரம் ஓடையிலேயே போகிறது. கண்ணாடி போடாமல் தட்டுகிற மாணவர்களின் கண்ணைப் பற்றி நாங்கள் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா?

கல்லூரிக்குக் கொண்டுபோன பிறகு நடப்பது இன்னும் மோசம். சேறு போகட்டும் என்று வாளித் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். காரைக் களிமண் நீர்பட்டால் ஊதும். படிவத்தின் வெடிப்புக்குள் இருக்கும் களிமண் ஊதும்போது அது உள்ளிருந்தே நெட்டித் தள்ளி, முழுசாக இருந்த அம்மோனைட் காலையில் வாளியின் அடியில் துண்டுகளாகக் கிடக்கும். நிழலில் நன்றாக உலர்த்தி, மென்மையான பல் துலக்கும் பிரஷாலும் மூங்கில் குச்சியாலும் உலர்வாகவே சுரண்ட வேண்டும். உடைந்ததை வெள்ளை மரப்பசையாலும் உடனொட்டிப் பசையாலும் ஒட்டக் கூடாது. நாளடைவில் மஞ்சளித்து, பிரிக்கவும் முடியாமல் ஆகிவிடும். பாரலாய்டு பி-72 பிசினை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துங்கள். உதிரும் பரப்பை இறுக்க 100 மி.லி.க்கு 5 கிராம் போதும், ஒட்டுவதற்குக் கெட்டியாக வேண்டும். தவறாக ஒட்டினாலும் அசிட்டோன் தொட்டுப் பிரித்துவிடலாம். பளபளப்புக்கு வார்னிஷ் அடிக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள்.

பெலம்னைட்டின் மேல் அமிலம் விடுவது தனிக் கொடுமை. கால்சைட் என்று காட்டுவதற்காக வகுப்பு முழுவதும் வரிசையில் நின்று நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு நுரைக்கவைக்கிறார்கள். அந்தக் கால்சைட்டில் உள்ள ஆக்சிஜன் ஐசோடோப்புகளின் விகிதம்தான் அன்றைய கடல்நீரின் வெப்பநிலையைச் சொல்லக்கூடியது. காரைப் பெலம்னைட்டுகளில் அப்படி அளந்தும் இருக்கிறார்கள். நுரையைக் காட்ட ஒரு சுண்ணாம்புக்கல் சில்லு போதுமே.

சில மாதிரிகளில் இரும்பு சல்பைடு இருக்கும். அலமாரியில் ஈரக்காற்று பட்டால் அது ஆக்சிஜனோடு சேர்ந்து கந்தக அமிலமாகிப் படிவத்தைத் தின்னும், கூடவே காகிதச் சீட்டையும் தின்னும். மஞ்சள் பொடி பூத்திருந்தால் அதுதான் அறிகுறி. மூடி இறுகும் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்க வேண்டும். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போட வேண்டும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் இதைத் தள்ளிப்போடவே முடியாது.

களிமண்ணும் ஈரமும் சேர்ந்தால் எவ்வளவு பெரியதும் போய்விடும் என்பதற்குக் கல்லமேடு சாட்சி. கடலடிப் படிவு அல்ல, ஆற்றுப் படிவு. ஆனாலும் பாடம் ஒன்றுதான். அரியலூர்ப் பக்கம் அங்கே கிடைத்து, புருகத்காயோசாரஸ் என்று பெயரிடப்பட்ட மாபெரும் டைனோசரின் கால் எலும்பு ஏறக்குறைய 2 மீட்டர் நீளம் என்று பதிவாகியிருக்கிறது. அந்த எலும்புகள் இன்று இல்லை, சிதைந்து போய்விட்டன. கோட்டு வரைபடங்களும், 2022இல் வெளிவந்த பழைய படங்களும்தான் மிஞ்சின. அது எவ்வளவு பெரிய விலங்கு என்று உலகெங்கும் நடக்கும் விவாதத்தைத் தீர்த்துவைக்க ஒரு துண்டு எலும்புகூட இல்லை. மழைக்காலத்துக்கு முன் என்ன செய்ய வேண்டும், எதைத் தொடாமல் விட வேண்டும் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் உங்கள் பாடத்திட்டத்தில் இருக்காது.

எப்படியும் மழை அரித்துக்கொண்டு போகப்போகிறது, எடுக்காவிட்டால் வீண்தானே என்று கேட்பீர்கள். உண்மை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒவ்வோர் ஆண்டும் கரைகள் சரிகின்றன. புதியவை வெளியே வருகின்றன, பழையவை பொடியாகின்றன. அதனால்தான் எடுக்கவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. பதிவோடு எடுக்கும் ஒவ்வொன்றும் மழையிடமிருந்து மீட்டது. பதிவில்லாமல் எடுப்பது மழை செய்வதையே கையால் செய்வது. கரைச்சரிவில் ஏறி மிதித்து மேலோட்டை உடைப்பதால் அரிப்பும் கூடுகிறது. ஓடையடியிலேயே நடந்து, அளக்க வேண்டிய ஓரிடத்தில் மட்டும் ஏறினால் போதும்.

மாணவருக்குக் கையில் ஏதாவது வேண்டுமே என்ற கவலை நியாயமானது. 5 கல்லுக்குப் பதிலாக வகுப்புக்கு 10 கிலோ களிமண் எடுங்கள். அளந்த ஐந்து இடங்களிலிருந்து, மேல்பரப்பை ஒரு சாண் சுரண்டித் தள்ளிவிட்டு, இடத்துக்கு 2 கிலோ, தனித்தனிப் பையில், பைக்குள் ஒரு சீட்டும் வெளியே ஒரு சீட்டும். மாணவருக்கு 200 கிராம் வரும், 50 பேருக்கு வேலை இருக்கிறது. வெயிலில் இரண்டு நாள் முறுகக் காயவையுங்கள். பாதி ஈரத்தோடு ஊறப்போட்டால் களிமண் கரையாது. எல்லோரும் தவறுவது இங்கேதான். பட்டாணி அளவாக உடைத்து, மூழ்கும்வரை மண்ணெண்ணெய் ஊற்றி, திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். மண்ணெண்ணெயை வடித்துவிட்டு வெந்நீர் ஊற்றினால் கட்டி கண்ணெதிரே சேறாக உதிரும். 63 மைக்ரான் சல்லடையில் மெல்லிய நீர்த்தாரையில் அலசினால் மிஞ்சும் ஒரு கரண்டி மணலில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் கடலுயிரிகளின் நுண்ணிய ஓடுகள் இருக்கும். 000 எண் தூரிகையை நனைத்து, நுண்ணோக்கியின் கீழ் ஒவ்வொன்றாகத் தொட்டெடுக்கலாம். ஒரு மாதிரி முடிந்ததும் சல்லடையை மெத்திலீன் நீலத்தில் முக்கியெடுங்கள். அடுத்த மாதிரியில் நீலமாக ஏதாவது தெரிந்தால் அது முந்தையதிலிருந்து ஒட்டிக்கொண்டது என்று தெரிந்துவிடும். சீக்கிரம் கரையட்டும் என்று ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றாதீர்கள். சல்பைடு இருந்தால் அமிலமாகி ஓடுகளையே கரைத்துவிடும். 1 மி.மீ. சல்லடையில் தங்குவதைத் தனியே வைத்துப் பாருங்கள், சுறாப் பல் அதில்தான் மாட்டும். இப்படி ஒரு பருவம் முழுக்க வேலை செய்த மாணவருக்கு, சாக்கு நிறையக் கல் தூக்கியவரைவிட அந்தக் கடலைப் பற்றி நூறு மடங்கு தெரியும்.

இடையில் ஒரு சொல். டிரைலோபைட் (மூன்று மடலாகப் பிரிந்த ஓடுடைய பழங்காலக் கடலுயிரி) கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே மாணவர்கள் ஓடைகளில் அலைவதைக் காண வருத்தமாக இருக்கிறது. 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போன உயிரி 10 கோடி ஆண்டுச் சேற்றில் கிடைக்காது. டிரைலோபைட்டுக்கு இமாச்சலப் பிரதேசத்தில் ஸ்பிதியின் பரஹியோ பள்ளத்தாக்கு வரை போக வேண்டும். பயணத்துக்கு முந்தைய நாள் ஒரு மணி நேர வகுப்பு எடுத்திருந்தால் இந்தக் கேள்வி எழாது.

புவிமரபுச் சின்னங்களை (நிலவியல் சிறப்புள்ள இடங்களையும் பொருள்களையும்) காப்பதற்கான சட்ட வரைவு ஒன்றை ஒன்றியச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் மக்கள் கருத்துக்கு வைத்தது. சட்டம் வந்து கையைக் கட்டட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. நீங்கள் கையெழுத்திடும் ஒரு சுற்றறிக்கையில் மாற்றக்கூடியது இது.

ஆகவே கேட்கிறோம். வரும் பொங்கலுக்குப் பின் கிளம்பும் முதல் பேருந்துக்கு முன், மாதிரிக்கு மதிப்பெண் என்ற விதியை நீக்குங்கள். அந்த மதிப்பெண்ணை அளந்த அடுக்குப்படத்துக்கும், மூல அடுக்கைத் தேடிப்போன பதிவுக்கும், எடுக்காமல் விட்டுவந்த படிவத்தின் படத்துக்கும் கொடுங்கள். ஒரு பேருந்துக்கு 10 மாதிரிக்கு மேல் வேண்டாம். அந்தப் பத்தும் அடுக்கில் பதிந்திருந்தவையாக, எண்ணிட்டு, தனித்தனியே காகிதத்தில் சுற்றி வரட்டும். சுத்தியலும் உளியும் ஆசிரியர் கையில் மட்டும் இருக்கட்டும். கிளம்பும் முன் அது யாருடைய நிலம் என்று ஊரில் கேட்டு அனுமதி வாங்குங்கள். எலும்பு, தாடை, கோத்த நிலையில் பற்கள் என்று ஏதாவது தென்பட்டால் தோண்டாமல், படமும் ஆயத்தொலைவும் மட்டும் எடுத்துக்கொண்டு, முதுகெலும்பிப் படிவங்களில் பயிற்சி உள்ளவர்களுக்குத் தெரிவியுங்கள்.

பழைய சாக்குகளையும் இந்தப் பருவத்திலேயே பிரியுங்கள். ஏதாவது ஒரு சீட்டு, தேதி, ஆசிரியரின் கையெழுத்து என்று சிறு துப்பு உள்ளவற்றைத் தனியே எடுத்து, அந்த ஆண்டின் களக் குறிப்பேட்டோடு ஒப்பிட்டு, பதிவேட்டில் ஏற்றுங்கள். எண்ணைக் கல்லின் ஓரத்தில் வெள்ளைப் பூச்சிட்டு அதன்மேல் இந்தியன் இங்க்கால் எழுதுங்கள். எந்தத் துப்பும் இல்லாதவற்றை முதலாண்டு மாணவர்கள் தொட்டுப் பார்க்கும் பெட்டியில் போட்டுவிடுங்கள். உங்கள் வகுப்புகளுக்கு அதுவே பல ஆண்டுகளுக்குப் போதும். பதிவேட்டில் ஏறியவற்றின் பட்டியலை மற்றக் கல்லூரிகளும் பார்க்கும்படி மார்ச் மாத இறுதிக்குள் வெளியிடுங்கள். இன்ன அடுக்கின் அம்மோனைட் உங்களிடம் இருக்கிறது என்று தெரிந்தால், அதற்காக இன்னொரு பேருந்து காரைக்கு வர வேண்டியிராது.

இப்படிக்கு,
காரை, கொளக்காநத்தம் ஓடைகளில் படிவங்களைப் பதிவு செய்து வருவோர்